மூன்று வெபர்கள்

நஞ்சுண்டன் புது வேட்டியில் ஒட்டியிருந்த மில் லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பாதி கிழிந்து வந்தது, மீதி அடம்பிடித்தது. மே மாதம் ஊரிலிருந்து கிளம்பும்போது சம்பந்திக்கென்று வாங்கி, பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்த எட்டு முழ வேட்டி. உயிரோடு இருக்கிற மனிதருக்குக் கொடுக்க வாங்கியது.

"அப்பா, இங்க அதெல்லாம் போட மாட்டாங்கப்பா," என்றாள் கண்மணி. அவள் கையில் கார் சாவி இருந்தது.

"போட்டா வேண்டாம்னா சொல்லீருவாங்க? பொண்ணு குடுத்த ஊட்டுக் கோடித்துணி இல்லாம ஒரு மனுசனை அனுப்பறது மொறையா அம்மணி? நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாங்க?"

அந்த நாலு பேரும் கோபிச்செட்டிபாளையத்தில் இருந்தார்கள். ஆனாலும் டெக்சாஸில், இர்விங் நகரத்தின் இந்த இரண்டாம் மாடி அபார்ட்மென்டுக்குள்ளும் நினைத்தபோதெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். கண்மணிக்கு அது பழகிப்போயிருந்தது.

"பங்காளியில பெரியவிங்க யாராச்சும் நிப்பாங்கல்ல? அவிங்ககிட்டக் காட்டி, போடட்டுங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் போடோணும். அந்த ஜின்னிங் மில்லுக்காரரு வருவாரல்லோ?"

"வரலாம்," என்றாள் கண்மணி. வரக்கூடாது என்று இரண்டு நாளாக எல்லா சாமியையும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

இறந்தவர் அவளுடைய மாமனார் ரே வெபர். வேக்கோவுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் தனியாக இருந்தவர். முந்தாநாள் காலையில் தன் வீட்டு கராஜில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு போன் பண்ணினார். கண்மணியின் கணவன் டேன் அப்போதே கிளம்பிப் போய்விட்டான். இவள் இன்று அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஐந்து மாதமாக அவர்களை அந்த ஊர்ப் பக்கமே அவள் கூட்டிப்போகவில்லை. ஏன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பவளம் அறையிலிருந்து வந்தாள். நீலக்கரை போட்ட பழைய வெள்ளைச் சேலை, தலையில் பூ இல்லை. "சாப்பிடாம போகோணுமா, சாப்பிட்டுப் போலாமா இங்க?" என்று கேட்டாள்.

"சாப்பிடலாம்மா. இங்க அந்தக் கணக்கெல்லாம் இல்ல."

"எனக்கு எறங்காது," என்றாள் பவளம். முகம் பார்க்காத சம்பந்திக்காக அவள் உண்மையாகவே பட்டினி கிடந்தாள். அதைப் பார்க்கப் பார்க்கக் கண்மணிக்கு உடம்பு கூசியது.

*

தொண்ணூற்று மூன்றில் கண்மணி போனில் தன் கல்யாண விஷயத்தைச் சொன்னபோது நஞ்சுண்டன் ரிசீவரை மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவர் குரலே கேட்கவில்லை. வெள்ளைக்காரன் என்பது பாதி அடி. மீதி அடி, அவன் யார் என்று யாரிடமும் சொல்ல முடியாமல் இருப்பது. அவர்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தால் முதலில் கேட்பது என்ன கூட்டம், எந்தக் குலம் என்பதுதான். பேரைச் சொன்னால் கூட்டம் தெரியும், கூட்டம் தெரிந்தால் குலசாமி தெரியும், குலசாமி தெரிந்தால் எத்தனை ஏக்கர் என்பதுகூடத் தெரிந்துவிடும். கடைசியில் நஞ்சுண்டன் பவளத்தின் வழியாக ஒரே ஒரு கேள்வி கேட்டனுப்பினார்.

"அவிங்க என்ன வம்சம்னு அப்பா கேக்கறாரு கண்ணு."

கண்மணி பதில் சொல்லாமல் ஒரு போட்டோ அனுப்பினாள். டேன் முதல்முறை தன் ஊருக்குக் கூட்டிப்போனபோது எடுத்தது. ஊர் எல்லையில் பருத்தி அரைக்கிற ஒரு பெரிய ஜின்னிங் மில். அதன் வாசலில் இரும்பு வளைவு. வளைவில் ஆள் உயரத்துக்கு 'வெபர்' என்ற எழுத்து. அதன் கீழே அவளும் டேனும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். சிரிப்புக்குக் காரணம், அந்த வெபருக்கும் டேனுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்பது. போட்டோவின் பின்னால் கண்மணி எழுதினாள்: 'இவங்க குடும்பம் ஜெர்மனியில் இருந்தே நிலக்கிழார்கள். இது ஊரில் உள்ள மில்.'

ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாகப் பொய் இல்லை என்று அன்றைக்கு அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள், நான் ஒன்றுதானே சொன்னேன் என்றும் நினைத்துக்கொண்டாள். அப்பா அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஹாலில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். சொந்தக்காரர்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்படியா சங்கதி" என்று காபி குடித்துவிட்டுப் போனார்கள். கல்யாணத்துக்கு ஆசீர்வாதம் வந்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கண்மணியின் புளுகு டேனிடம் நாலு வருஷம் தாங்கியது. ஒருமுறை ஊருக்குப் போனபோது டேன் அந்தப் படத்தைப் பார்த்தான். மாமன்கள் பஞ்சு விலை விசாரித்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. இரவு கொசுவலைக்குள் மட்டும், "எங்க அப்பாவை மாத்திட்டே, இல்ல?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மாற்றப்பட்ட ரே வெபர் அந்த ஊர்க் கசாப்புக் கடையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். பன்றிக்கறியைப் பொடியாக அரைத்து, குடலில் அடைத்து, மரப்புகையில் தொங்கவிட்டு சாஸேஜாகப் பதப்படுத்துவது அவர் கை வேலை. அவர் சட்டையில், கார் சீட்டில், காபிக் கோப்பையில்கூட அந்தப் புகை வாசம் இருக்கும். பிறந்ததிலிருந்து அவரைப் பார்த்தவர்கள் எல்லாரும், "நீங்க மில்லுக்கார வெபரா?" என்று கேட்பார்கள். "இல்லீங்க, சொந்தமில்ல" என்று அவர் சொல்வார். அதையே சொல்லிச் சொல்லி அலுத்து, ரிடையரானதும் ஒரு வேலையைக் கையில் எடுத்தார். அப்படியானால் நாங்கள் யார் என்று தேடுவது.

கல்லறைக் கல்லெல்லாம் படித்தார். கால்வெஸ்டன் துறைமுகத்தில் இறங்கியவர்கள் யார் யார் என்று போய்ப் பார்த்தார். ஐரோப்பாவில் பெயர் தெரியாத ஊர்ச் சர்ச்சுகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார். கராஜ் சுவரில் கறி மடிக்கிற வெள்ளைத் தாளை மூன்று நீளமாக ஒட்டி, மூன்று வம்சத்தைப் பென்சிலால் வரைந்திருந்தார். கல்யாணமான புதிதில் அவளை அதன் முன்னால் நிறுத்தி விளக்கினார்.

"வெபர்னா நெசவாளி. தறி இருந்த ஊர்லயெல்லாம் ஒரு வெபர் இருந்தான். இந்த ஊருக்கு மூணு வெபர் வந்தாங்க, மூணு வேற வேற கப்பல்ல. மில்லுக்காரங்க ஹனோவர் பக்கம், நிலத்தை வித்த பணத்தோட வந்தவங்க. அவங்க சர்ச்சே வேற, லூத்தரன். ரெண்டாவது குடும்பம் அல்சாஸ், திராட்சைத் தோட்டக்காரங்க. மூணாவது நாங்க, மொராவியா மலையில அடுத்தவன் நிலத்துல கூலி. பசி தாங்காம கிளம்பினவங்க. மூணு மரத்துக்கும் நடுவுல ஒரு கோடுகூடப் போட முடியாது. எவ்வளவு தேடினேன் தெரியுமா?"

அவர் குரலில் வருத்தமே இல்லை. கூலிக்காரன் பேரன் என்று கண்டுபிடித்ததில் அப்படி ஒரு பெருமை. கண்மணிக்கு அது விளங்கவே இல்லை. மூன்றாவது தாளில் டேன் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. அதற்கு மேலே வெறும் கட்டங்கள்.

"இது உங்க ஆளுங்களுக்கு. உங்க அப்பாவை நேர்ல பார்க்கும்போது கேட்டுக்கறேன்," என்றார் ரே.

*

வேக்கோ தாண்டியதும் சொல்லிவிடுவது என்று கண்மணி முடிவு செய்திருந்தாள். வேக்கோ வந்தது. காபி வாங்கிக்கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். அப்பா காபியைக் குடித்துவிட்டு, "பூர்வீகம் பாக்க ஐரோப்பாவுக்குப் போனவரு போன மாசந்தானே திரும்பி வந்தாருன்னு சொன்னே? அலைச்சல்தான் ஆளைக் கொன்னுபோடுச்சு," என்றார். அதுவும் அவள் சொன்னதுதான். ஒரு பொய்க்குத் துணையாக வந்த ஒன்பதில் அது ஒன்று. ரே டெக்சாஸை விட்டு வெளியே காலெடுத்து வைத்ததில்லை.

"அலைச்சல்தான்," என்றாள். வண்டியைக் கிளப்பினாள்.

பவளம் பின்சீட்டிலிருந்து, "நாம மே மாசமே போய் பாத்திருக்கோணும். நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். இவதான் வெயிலு, ஆபீசு வேலை, முழங்கால் வலின்னு தள்ளிப் போட்டுட்டா," என்றாள்.

தள்ளிப்போட்டது மட்டும் என்றால் பரவாயில்லை. ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் ரேயே வந்துவிட்டார். டேன் வாரம் முழுக்க ஹூஸ்டனில் வேலையாக இருந்தான். கண்மணி அன்று வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிலிருந்து போன் வந்ததும் மாடிப்படியில் விழுந்தடித்து ஓடினாள். பார்க்கிங்கில் அவர் தன் பழைய வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நீலத்தில் மஞ்சள் புள்ளி போட்ட டை. மூன்று மணிநேரம் வெயிலில் வண்டி ஓட்டி வந்ததில் கழுத்து சிவந்திருந்தது. காலடியில் சிவப்பு ஐஸ் பெட்டி.

"பீச் பழம். கொஞ்சம் சாஸேஜ். நானே பண்ணினது. ரொம்ப நேரம் தொந்தரவு பண்ணமாட்டேன். உங்க அப்பாகிட்ட தாத்தா பேரு மட்டும் கேட்டுட்டுப் போயிடறேன்," என்றார்.

"அவங்க தூங்கறாங்க. இன்னும் ஜெட் லாக் சரியாகல," என்றாள் கண்மணி.

வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ரே மேலே பார்த்தார். இரண்டாம் மாடி பால்கனியில் பவளம் கொத்தமல்லித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் கையைத் தூக்கப்போய், பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு டையைத் தளர்த்திக் கழற்றி, சுருட்டிப் பாக்கெட்டில் வைத்தார்.

"பரவாயில்ல. இன்னொரு நாள் வர்றேன்," என்றார். வண்டி போய்விட்டது.

சாஸேஜ் பொட்டலங்களைக் கண்மணி கீழேயே குப்பைத் தொட்டியில் போட்டாள். பெட்டியோடு மேலே வந்தாள்.

"யாரு கண்ணு அது?"

"பழம் கொண்டாந்து குடுக்கறவரும்மா."

"டை கட்டிட்டு வந்தா பழம் விக்கறாங்க?" என்று நஞ்சுண்டன் சிரித்தார். "அமெரிக்கா அமெரிக்காதான்."

பவளம் சிரிக்கவில்லை. "வயசானவரு. வேகாத வெய்யில். குடிக்கத் தண்ணி குடுத்தியா?"

"குடுத்தேம்மா," என்றாள் கண்மணி. எல்லாப் பொய்யிலும் சின்னப் பொய் அதுதான்.

பீச் பழம் தீர்ந்தும் பெட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது. பவளம் அதை நாலு தடவை கழுவினாள். "இந்தப் புகை நாத்தம் போகவே மாட்டீங்குது," என்று வெயிலில் காயவைத்தாள். பழக்காரர் வந்தால் கொடுக்கவேண்டும் என்று தங்கள் அறை அலமாரிக்குள் வைத்துக்கொண்டாள். வெறும் பெட்டியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே, அதனால் முறுக்கு சுட்டு ஒரு பையில் கட்டி உள்ளே போட்டாள். பழையதானால் அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவாள். "அந்த மனுசன் வரவே இல்லியே," என்று அடிக்கடி கேட்பாள். டேன் மாமனார் மாமியார் அறைக்குள் போகிறவனில்லை. பெட்டி அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. அவன் அப்பாவும் வந்ததைச் சொல்லவில்லை.

*

சாவு வீடு என்று நஞ்சுண்டன் எதிர்பார்த்தது வேறு. இங்கே இறுதிச்சடங்குக்கென்றே இருக்கும் ஒரு தாழ்ந்த செங்கல் கட்டடம், வெளியே வரிசையாக பிக்கப் டிரக்குகள், வாசலில் பூட்ஸ் போட்ட முரட்டுக் கைக்காரர்கள் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "பரவால்ல, ரொம்ப எளிமையா இருக்கறாங்க," என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார். பெரிய மனிதர்களின் எளிமையை மெச்சுகிற குரல்.

டேன் வந்து மாமனாரைக் கட்டிக்கொண்டான். அவன் கண் வீங்கியிருந்தது. உள்ளே மறுமுனையில் மூடி திறந்த சவப்பெட்டி தெரிந்தது. ஜனங்கள் அதை நோக்கி வரிசையில் நின்றார்கள்.

"இருங்க மாப்பிள்ளை," என்று நஞ்சுண்டன் வேட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். பின்வரிசைக்கு அருகில் சாம்பல் நிறக் கோட்டும் வெள்ளித் தலையுமாக ஒருவர் நின்றிருந்தார். மற்றவர்கள் அவருக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்தான் என்று நஞ்சுண்டனுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"அப்பா, வேண்டாம்ப்பா. அப்பா!"

அவர் போய்விட்டார். கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் செக்ரெட்டரியாக இருந்தவர். அவருடைய ஆங்கிலம் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வரும். கண்மணி பின்னாலேயே போய் ஒரு அடி தள்ளி நின்றாள்.

"நான் கண்மணியின் தகப்பனார், இந்தியாவிலிருந்து. தாங்கள் இறந்தவருக்கு அண்ணன் தம்பி முறையா? எங்கள் வழக்கப்படி இந்தத் துணியைப் போடத் தங்கள் குடும்பத்தின் அனுமதி வேண்டும்."

அந்தப் பெரியவர் துணியைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். "நான் சார்லஸ் வெபர். ஆனால் நாங்கள் சொந்தமில்லை ஐயா. அதை நிரூபித்ததே ரேதான். என் கொள்ளுத்தாத்தா எந்தக் கிராமம், எந்தக் கப்பல் என்று எனக்குச் சொன்னவர் அவர். நாற்பது வருஷம் எங்கள் வீட்டுக் கறியெல்லாம் அவர் வெட்டியதுதான். இந்த ஊரில் அவரைப்போல நேர்மையான ஆள் கிடையாது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்த அப்பா நீங்கள்தானா? உங்களுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார். உங்கள் தாத்தா பேர் வேண்டும், தாளில் இடம் விட்டு வைத்திருக்கிறேன், சீக்கிரம் வந்துவிடுவார் என்று போன வாரம்கூடக் கடையில் சொன்னார்," என்றார்.

நஞ்சுண்டன் "நன்றி" என்றார். வேட்டியை ஏந்திய கை அப்படியே இருந்தது. அந்த இடத்திலேயே நின்று எதையோ கணக்குப் போடுகிறவர் மாதிரி தரைவிரிப்பைப் பார்த்தார். இரும்பு வளைவும் ஹால் சுவரும் அண்ணாந்து பார்த்த சொந்தக்காரர்களும் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவதைக் கண்மணி பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அறைந்தால்கூடத் தேவலை.

அவர் திரும்பி அவளிடம் வந்தார். கோபம் இருக்கும் என்று நினைத்த இடத்தில் அது இல்லை. பொது இடத்தில் இடுப்புத் துண்டு அவிழ்ந்துபோன மனிதரைப்போல இருந்தார்.

"நான் கேட்டதுனாலதான அம்மணி அப்படிச் சொன்னே," என்றார். "கேட்டிருக்கக்கூடாது."

"அப்பா..."

"நட. அவரு காத்துக்கிட்டு இருக்கறாரு."

பெட்டிக்கு அருகில் போனார்கள். ரேவுக்கு அதே வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். நீலத்தில் மஞ்சள் புள்ளி போட்ட அதே டை. அவரிடம் இருந்தது அந்த ஒரு டைதான் போலிருக்கிறது. நஞ்சுண்டன் வேட்டியை மடிப்பு கலைக்காமல் அவர் மார்பின்மேல் வைத்தார். குனிந்து, தூங்குகிறவரிடம் பேசுவதுபோலத் தமிழிலேயே சொன்னார்.

"எங்கய்யன் பேரு சென்னியப்பன்ங்க. அவிங்கய்யன், எங்க அப்பாரு காளியப்பன். அவிங்கய்யன் பேரு சேனாபதி. அதுக்கு மேல எனக்குந் தெரியாதுங்க சம்பந்தி."

டேனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவை பெயர்கள் என்பது புரிந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

பவளம் அதுவரை பின்னால் நின்றிருந்தாள். ஒரு அடி முன்னால் வந்து எட்டிப் பார்த்தாள். கும்பிடத் தூக்கிய கை நடுவழியில் நின்றது. முகத்தைப் பார்த்தாள், டையைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றி இரண்டு வருஷமாகிறது, மாடியிலிருந்து ஒரு தடவை பார்த்ததுதானே என்று கண்மணி கடைசியாக ஒரு கணக்குப் போட்டாள்.

பவளம் மகள் பக்கம் திரும்பினாள். சத்தமே வராமல் கேட்டாள்.

"அன்னிக்கித் தண்ணியாச்சும் குடுத்தியா?"

கண்மணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பவளம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். கருப்புக் கோட்டுப் போட்ட ஆள் வந்து பெட்டியை மூடினார். வேட்டியின் பச்சைக் கரை ஒரு விரல் அளவு வெளியே தெரிந்தது. அவர் மூடியை மறுபடி தூக்கி, அதை உள்ளே தள்ளிவிட்டு மூடினார்.

*

சர்ச்சும் கல்லறையும் முடிந்து, சர்ச் ஹாலில் சாப்பாடும் முடிந்து, அவர்கள் இர்விங் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. டேன் தன் காரில் பின்னாலேயே வந்தான். வேக்கோவில் கண்மணி, "காபி வேணுமாப்பா?" என்று கேட்டாள். "வேண்டாம் அம்மணி," என்றார் நஞ்சுண்டன். அந்த 'அம்மணி'யைக்கூட அவள் ஒரு பிச்சைபோல வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குள் வந்ததும் பவளம் சாவுக்குப் போய்வந்த வழக்கப்படி தலைக்குக் குளித்தாள். ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். டேன் சோபாவில் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். நாளைக்குத் திரும்பவும் போய் வீட்டைக் காலி செய்யவேண்டும், கராஜ் சுவரிலிருந்து அந்தத் தாள்களைக் கிழியாமல் எப்படி எடுப்பது என்று தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பவளம் அறைக்குள் போனாள். அலமாரிக் கதவு உருளும் சத்தம் கேட்டது. கண்மணி எழுந்தாள்.

"அம்மா, இப்ப வேண்டாம்மா."

பவளம் சிவப்புப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் ஒரு பக்கக் கைப்பிடி எப்போதோ உடைந்து, அந்த இடத்தில் சின்னப் பையன்கள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற பெல்ட் ஒன்றை வெட்டி ஆணி அடித்திருந்தது. அவள் அதை மருமகனின் முன்னால் தரையில் வைத்து மூடியைத் திறந்தாள். முறுக்கு வாசனையோடு, எத்தனை கழுவியும் போகாத மரப்புகையின் வாசனை வந்தது.

டேன் பெட்டியைப் பார்த்தான். பெல்ட்டைப் பார்த்தான். கையை நீட்டி அதைத் தொட்டான்.

"இது அப்பாவோடது," என்று ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு கண்மணியை நிமிர்ந்து பார்த்தான். "அப்பா எப்ப இங்க வந்தாரு?"

பவளத்துக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. முறுக்குப் பையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"வெறும் பெட்டியாக் குடுக்கக்கூடாதுன்னு போட்டு வெச்சிருந்தேன் சாமி. உங்கப்பா வந்தா குடுக்கலாம்னு," என்றாள். கண்மணியிடம் திரும்பினாள். "சொல்லு. நான் சொன்னதை அவருக்கு இங்கிலீசுல சொல்லு."

நஞ்சுண்டன் பால்கனிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டேன் பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். கீழே பார்க்கிங்கில் யாரோ காரை நிறுத்திக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.